வாட்சுக்குள் போகாத தண்ணீர்

“திறக்கக் கூடாதுன்னா கூடாதுதான். எங்கப்பா கையில முப்பது வருஷம் இருந்த வாட்ச் அது. அவர் போனதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன் அதைத் திறந்ததில்லை.”

“உங்கப்பா கையில இருந்தது சரி, அத்தான். கடைசியா இருந்தது என் வீட்டுக்காரர் கையில.”

“அவன் கையில இருந்துதான் தண்ணிக்குள்ள போச்சு. அது போதாதா? இன்னும் என்ன பண்ணணும் அதை?”

வாட்ச் ரிப்பேர் கடை மொத்தமே ஆறடிக்கு நாலடி. அதற்குள் ஐந்து பேர் நின்றார்கள். ஐவரில் இருவர் சண்டை போட்டால் மீதி மூவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்க்க வேண்டும். சுவரில் இருபது கடிகாரங்கள், இருபதும் வெவ்வேறு மணி. எதிர்க்கடைப் பழக்காரி தராசைக் கீழே வைத்துவிட்டு, இந்தப் பக்கமே காதைத் திருப்பியிருந்தாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. ஐந்து வாரமாக அந்த வட்டாரத்துக்கே இதுதான் பேச்சு.

முதலில் கத்தியவர் லாண்டரிக்காரர். நாலு தெருவின் சட்டைகளும் அவர் கடைக்குப் போய்த்தான் மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். தன் குடும்பத்தையும் அப்படித்தான் வைத்திருப்பதாக அவருக்கு நினைப்பு. பதில் சொன்னவள் அவருடைய தம்பி மனைவி. பல் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் பல்செட் செய்கிறவள். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவள் கைவேலையால்தான் என்று சொல்வார்கள். அவள் சிரித்துத்தான் ஐந்து வாரமாகிறது.

நடந்தது இவ்வளவுதான். ஒரு காலை அவள் கணவன் ஏரிக்கு நீந்தப் போனான். சட்டை, கால்சட்டை, செருப்பு மூன்றும் கரையில் இருந்தன. ஆளைக் காணோம். முக்குளிக்கிறவர்கள் நாலு நாள் தேடினார்கள். பதினெட்டாம் நாள் பாசி வாருகிறவர்கள் படித்துறையின் மூன்றாம் படிக்குக் கீழே சேற்றிலிருந்து அவனுடைய வாட்சை எடுத்தார்கள். அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை. வாட்சைப் போலீஸ் எழுதி வாங்கிக்கொண்டு மனைவியிடம் கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து லாண்டரிக்காரர் ஒரு தாளை நீட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் இறந்துவிட்டார் என்று நானும் நம்புகிறேன், இப்படிக்கு, என்று ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தாள் நாலாக மடிந்து அவள் கைப்பைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

விசாரணையம்மாவுக்குக் கால் வலித்தது. இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் பொய்க் க்ளெய்ம்களைப் பிடித்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகும் அதே வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருப்பவள் அவள். போலீஸ் உத்தியோகம் பார்த்ததில்லை. ஆனாலும் தெரு அந்தப் பெயரை வைத்துவிட்டது. இந்தப் பெண்ணுக்காக மூன்று வாரமாக ஏரிக்கரை, பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, சவக்கிடங்கு என்று நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். கையெழுத்தைப் போட்டுவிடு தாயே என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் காலை வெந்நீரில் வைக்கலாமா என்று அவள் காலையில்தான் யோசித்தாள். அதற்குள் அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்துவிட்டது. நேற்று ஏதோ நினைப்பில் வாட்சின் குமிழைத் திருகினாளாம். ஓட ஆரம்பித்துவிட்டதாம். பதினெட்டு நாள் தண்ணீரில் கிடந்த வாட்ச் எப்படி அக்கா ஓடும் என்றாள்.

“நல்ல கம்பெனி வாட்ச் ஓடும்” என்று இப்போது லாண்டரிக்காரர் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். “தண்ணி போகாதுன்னு முதுகுலயே அடிச்சிருக்கான். படிக்கத் தெரியாதா?”

“சார், என் லைசென்ஸ்லகூட நல்லா ஓட்டுவேன்னு போட்டிருக்கு” என்றான் கொழுந்தன்.

விசாரணையம்மாவின் கணவருக்கு அவன் தம்பி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று அண்ணன் வீட்டுக்கு வந்தான். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி மட்டும், சும்மா உட்கார்ந்து சாப்பிடுவதற்குப் பதில் என்கூட நடந்துவிட்டுச் சாப்பிடு என்று துணைக்குச் சேர்த்துக்கொண்டாள்.

கடைக்காரர் அதுவரை வாயைத் திறக்கவில்லை. வலது கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றாமலே சாப்பிடப் போகிறவர் என்பதால் அவரை எல்லோரும் லென்ஸ்காரர் என்றார்கள். இப்போது அந்தக் கண்ணாலேயே லாண்டரிக்காரரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தார். முதுகில் அடித்த எழுத்து தண்ணீரைத் தடுக்காது. தடுப்பது பின்மூடிக்கு உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர், நூல் கனத்தில் ஒரு வளையம். அதற்கும் வயசாகும்.

“முதல்ல இறுகும். அப்புறம் வெடிக்கும். சிலது உருகித் தார் மாதிரி ஆயிடும்.”

“எங்க ஸ்கூல் ஓனரும் இதே வரிசைதான்” என்றான் கொழுந்தன். அவனை யாரும் கவனிக்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன் இதே வாட்சுக்குப் பட்டை மாற்ற அவள் கணவன் வந்ததை லென்ஸ்காரர் மறக்கவில்லை. மூடியின் விளிம்பில் கறுப்பாகக் கசிந்திருந்தது. வாஷர் போய்விட்டது, இதைக் கட்டிக்கொண்டு முகம்கூடக் கழுவாதீர்கள் என்று இவர் சொன்னார். அண்ணன் திறக்க விடமாட்டார் என்று சொல்லிவிட்டு அவன் அப்படியே கட்டிக்கொண்டு போனான்.

“அப்படின்னா தண்ணி உள்ள போயிருக்கணும்” என்றாள் அந்தப் பெண் மெதுவாக.

“போயிருக்கணும்மா. ஒரு மணி நேரம் போதும். பதினெட்டு நாள்னா உள்ள துருதான் இருக்கணும்.”

லென்ஸ்காரர் மூடி திறக்கும் கருவியைக் கையில் எடுத்தார். லாண்டரிக்காரர் முகம் வெளிறியது. அப்பா சாமானை அறுத்துப் பார்ப்பதை நான் நின்று பார்க்க வேண்டுமா, வக்கீல் மூலமாகப் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். போகிற அவசரத்தில் பழக்காரியின் கூடையைத் தட்டிவிட்டு, அதற்கும் அவளையே திட்டினார்.

கடைக்குள் கொஞ்சம் காற்று வந்தது.

மூடி லேசாகக் கழன்றது. லென்ஸ்காரர் புருவம் சுருங்கியது. வருஷக்கணக்கில் திறக்காத மூடி முனகிக்கொண்டுதான் வரும், மரச்சட்டத்தில் இறுக்கிப் பிடித்து மல்லுக்கட்ட வேண்டும் என்றார். இதுவோ ஊறுகாய் ஜாடி மாதிரி திறந்துகொண்டது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. சக்கரங்கள் பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தன. இடுக்கியால் வாஷரைத் தூக்கிப் பிடித்தார். கறுப்பு வளையம் இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. விரலில் புதுக் கிரீஸ் ஒட்டியது.

“இது பழசு இல்லை. மூடிக்கு ஒண்ணு, குமிழுக்கு ஒண்ணு, ரெண்டும் புதுசு. மாத்தி ரெண்டு மாசம்கூட ஆகலை.”

மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். ஊசியால் கீறிய பொடிப்பொடி எழுத்துகள். ஒரு வாட்சைத் திறந்து பார்க்கிற எவரும் தன் அடையாளத்தையும் தேதியையும் அங்கே கீறி வைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். அடுத்துத் திறக்கிறவருக்குத் தகவல். பழைய கீறல்கள் இரண்டு, மங்கிப்போய். இரண்டும் அப்பா காலத்தவை. மூன்றாவது மினுங்கியது. ஒரு முக்கோணம், அதற்குள் புள்ளி, பக்கத்தில் தேதி. கணவன் ஏரிக்குப் போவதற்கு ஆறு நாள் முந்தைய தேதி.

“யாரோட முக்கோணம் இது?” என்று கேட்டாள் விசாரணையம்மா.

லென்ஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் ஒரு ஆள் இருக்கிறான் என்றார். பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார். அந்த ஆள் அவருடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பி என்பதும், இருவரும் ஒன்றாகத் தொழில் கற்றவர்கள் என்பதும், ஒரு குட்டிக் கடைசல் இயந்திரத்தை யார் வைத்துக்கொள்வது என்ற தகராறில் பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை என்பதும் தெருவுக்கே தெரியும்.

“வேலை சுத்தம்” என்று மட்டும் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார். “ஆள்தான் சரியில்லை.”

*

பல் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் மூவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அந்தப் பெண் முன் இருக்கையில் ஜன்னலோரமாக, வாட்சைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். பின்னால் கொழுந்தன், ஓட்டுநர் வளைவில் வேகம் குறைக்காத போதெல்லாம் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டு வந்தான்.

விசாரணையம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“தண்ணியில சாகப் போறவன் வாட்சுக்குப் புது வாஷர் போடுவானா?”

“வாட்ச் சாகக் கூடாதுன்னு நினைக்கிறவன் போடுவான், அண்ணி. மனுஷன் கரையேறிடுவான். வாட்சுக்கு நீச்சல் தெரியாது.”

அவளும் அப்படித்தான் நினைத்தாள். திட்டம் போட்டு, துணியைக் கரையில் வைத்து, வாட்சைப் படிக்கடியில் புதைத்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டு போன ஆள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இப்படி எத்தனை பேர். எரிந்துபோன கடையிலிருந்து கல்லாப்பெட்டியை மட்டும் முதல் நாளே வீட்டுக்கு எடுத்துப்போன ஆளை அவள் பார்த்திருக்கிறாள். ஆசைப்பட்ட பொருளை விட்டுவிட்டுப் பொய் சொல்ல மனுஷனால் முடிவதில்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் கொட்டாவி வந்தது.

பின்கட்டு அறையில் தட்டுத் தட்டாக மாவுக்கல் தாடைகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. அந்தப் பெண் மேலங்கியை மாட்டிக்கொண்டு, ஒரு மேல்வரிசையைக் கையில் எடுத்து, சுழலும் தூரிகையில் தேய்க்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் பின்னால் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

“அக்கா, ஒண்ணு மட்டும் ஒட்டலை. அவர் வாஷர் மாத்தற ஆள் இல்லை. சமையலறைக் குழாய் ரெண்டு வருஷம் சொட்டுச்சு. அந்த வாஷரை நான்தான் மாத்தினேன்.”

வாட்ச் என்றால் அவனுக்கு உயிர் இல்லையா என்று விசாரணையம்மா கேட்டாள். அவள் தூரிகையை நிறுத்தினாள். உயிரா, வாரம் முழுக்கக் காலுறைக்குள் கிடக்கும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வருவார். வந்ததும் தம்பியின் கையைப் பிடித்து வாட்சைக் காதில் வைத்துக் கேட்பார். ஓடாவிட்டால் அன்றைக்கு வீட்டில் பேச்சு இருக்காது. அதனால் ஞாயிறு காலை மட்டும் அவசரமாகச் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்வான். அப்பா போகும்போது இளையவன் கையில் கட்டிவிட்டுப் போனதை மூத்தவர் இன்னும் ஜீரணிக்கவில்லை.

கொழுந்தன் ஒரு கீழ்வரிசையை எடுத்துத் தன் வாய்க்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன், அதை மெதுவாகக் கீழே வைத்தான்.

“எனக்குப் பெரிசா ஒண்ணும் வேணாம், அக்கா” என்றாள் அவள். “இருக்காரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. இருந்தா கோபப்படணும். இல்லேன்னா அழணும். ரெண்டையும் ஒண்ணாச் செய்ய என்னால முடியலை.”

*

மாடிப்படிக்காரரின் கடையில் நிற்கவே இடம் கிடையாது. வாடிக்கையாளர் தெருவில்தான் நிற்க வேண்டும். தலைக்கு மேலே யாராவது ஏறி இறங்கும்போதெல்லாம் அவர் மேஜை மேல் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, தூசி அடங்கிய பிறகு எடுப்பார். விசாரணையம்மா வந்த விஷயத்தைச் சொன்னதும், முதலில் அவர் கேட்டது வேறு.

“அவருக்குக் கண்ணு இன்னும் நல்லாத் தெரியுதா?”

தெரிகிறது, உங்கள் முக்கோணத்தை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார் என்று அவள் சொன்னாள். அதற்கப்புறம் அவர் கேட்காததையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

அந்த வாட்சை அவர் மறக்க வழியில்லை. பழைய வாஷர் முழுக்கத் தாராகி மூடியோடு ஒட்டிக்கிடந்தது. குச்சியால் சுரண்டி, துடைத்து, மறுபடி சுரண்டி, அதற்கே பாதி நாள். வந்த ஆள் அவ்வளவு நேரமும் தெருவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மூடியின் வெளிப்புறத்தில் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் காட்டச் சொன்னார். கால் மணி நேரம் டம்ளரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அப்பதான் ஒண்ணு கேட்டார். எனக்கு இன்னும் மண்டையில நிக்குது. வாட்சுக்கு வாஷர் போட வர்றவங்க எல்லாரும் எத்தனை அடி ஆழம் தாங்கும்னு கேப்பாங்க. இவர் எத்தனை நாள் தாங்கும்னு கேட்டார்.”

தெருவில் ஒரு பஸ் போனது. கொழுந்தன் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டான். அது அபூர்வம்.

ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டாள் விசாரணையம்மா. மாடிப்படிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெருவில் நிற்கிறவரின் இடுப்புதான் தெரியும். முகத்தை எங்கே பார்ப்பது. முகம் தனக்கு எப்போதும் நிற்பதில்லை, மணிக்கட்டுதான் நிற்கும் என்றார்.

“சொல்லுங்க.”

“பருத்த கை. கட்டிப் பார்த்தார், கடைசி ஓட்டைகூட எட்டலை. இந்தப் பட்டை ஒல்லிக் கைக்குப் பழகினது. சும்மா மேல வெச்சுப் பிடிச்சு, கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள துணி சுத்தி வெச்சுக்கிட்டார்.” சற்று யோசித்து, “மணிக்கட்டுக்கு மேல ஒரு சூட்டுத் தழும்பு. மூணு மூலையா, இஸ்திரிப் பெட்டி மூக்கு பட்ட மாதிரி” என்றார்.

கடைக்கு வெளியே ஒரு மைல்கல் இருந்தது. விசாரணையம்மா அதன் மேல் உட்கார்ந்தாள்.

அவர் போனதுக்கப்புறம் ஒருத்தன் அதைத் திறந்ததில்லை என்று காலையில் அத்தனை பேர் முன்னால் கத்தியவர்தான் அதைத் திறந்தவர். துருப்பிடித்திருக்க வேண்டிய வாட்ச் துருப்பிடித்திருந்தால் இன்றைக்கு யாருக்கும் ஒரு சந்தேகமும் வந்திருக்காது. தாள் கையெழுத்தாகியிருக்கும்.

“அண்ணி” என்றான் கொழுந்தன், விளையாட்டில்லாமல். “அப்படின்னா தம்பியை இவரே...”

“தெரியலை” என்றாள் அவள். “எழுந்திருக்கக் கை கொடு.”

*

லாண்டரியில் சாயங்காலம்தான் நெருக்கடி. நீராவி மேலே முட்டி, கம்பிகளில் தொங்கிய கோட்டுகள் யார் யாரோ நிற்பது போல அசைந்தன. விசாரணையம்மா அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டுதான் வந்தாள். வழியில் அவளிடம் சொல்லிவிட்டாள், எல்லாவற்றையும். கேட்டவள் கைப்பையின் வாரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். கொழுந்தன் வாசலை அடைத்தாற்போல நின்றான். அவன் நின்றால் வாசல் அடைபடாது, ஆனாலும் நின்றான்.

லாண்டரிக்காரர் வேலைக்காரர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, என்ன வேண்டும் என்றார். விசாரணையம்மா துணி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு, முக்கோணத்தைச் சொன்னாள். தேதியைச் சொன்னாள். டம்ளரைச் சொன்னாள். அவர் வலது கை மெல்ல இடது மணிக்கட்டின் மேல் போய், தழும்பை மூடியது.

“எத்தனை நாள் தாங்கும்னு கேட்டீங்களாமே” என்றாள். “எத்தனை நாள்னு சொன்னாரு?”

அவர் கையை எடுக்காமலே சொன்னார்.

“ஒரு மாசம்.”

“அதான் பதினெட்டாம் நாளே பாசி வாரச் சொல்லி நீங்களே ஆள் விட்டீங்க. மூணாம் படிக்குக் கீழ பார்க்கச் சொன்னதும் நீங்கதான். அதை அந்த ஆளுங்க அன்னிக்கே எங்கிட்ட சொன்னாங்க. அண்ணன் தவிப்புன்னு நான் நினைச்சேன்.” அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். “உங்க தம்பியை என்ன பண்ணினீங்க?”

“நான் என்ன பண்ணேன்?” அவர் நிஜமாகவே திடுக்கிட்டார். “அவன் நல்லாத்தான் இருக்கான்.”

நீராவிக் குழாய் ஒன்று உஸ்ஸென்று விட்டது.

அப்புறம் எல்லாம் வந்தது, மடிப்புக் கலைந்து. தம்பி அவரிடம் வந்து, எனக்கு இந்த வீடு, இந்த வேலை, இந்தத் தெரு எதுவும் வேண்டாம், போகிறேன் என்றானாம். வேறு பெண் இல்லை, கடன் இல்லை, ஒன்றும் இல்லை. சலித்துவிட்டதாம். எதிரில் நின்று மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லையாம். இவர் ஒரு ராத்திரி முழுக்கப் புத்தி சொல்லிப் பார்த்தார். அப்புறம் வேறு கணக்குப் போட்டார். தம்பி ஓடிப்போனான் என்றால் தெரு காலத்துக்கும் பேசும். ஏரி கொண்டுபோய்விட்டது என்றால் பத்து நாள் அழுதுவிட்டு மரியாதையாகப் பேசும். ஏற்பாடு முழுக்க அவருடையது. தம்பி வேறு சட்டையில் அதிகாலை பஸ் ஏறினான். துணியைக் கரையில் வைத்தது அண்ணன். நம்புகிற மாதிரி ஏதாவது ஒன்று ஏரியிலிருந்து வர வேண்டும். வாட்சைத் தவிர வேறு எதைப் போட்டாலும் யாரும் அவனுடையது என்று சொல்ல மாட்டார்கள்.

“போட மனசு வரலைம்மா” என்றார் தம்பி மனைவியைப் பார்த்து. அன்றைக்கு முதல் தடவையாக அவளை அம்மா என்றார். “அப்பா கையில இருந்தது. உள்ள தண்ணி போனா என்ன ஆகும்னு நினைச்சாலே எனக்குத் தூக்கம் வரலை.”

விசாரணையம்மாவுக்குச் சொல்ல ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அந்தப் பெண் முந்திக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

“நான் அஞ்சு வாரமாத் தூங்கலை, அத்தான்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த தாளை எடுத்தாள். விரித்து, இஸ்திரி மேஜையின் மேல் வைத்துக் கையால் நீவினாள். அப்புறம் அதைத் திருப்பிப் போட்டாள். வெற்றுப் பக்கம் மேலே வந்தது. பேனாவை அவர் பக்கம் தள்ளினாள்.

“அவர் இருக்கற விலாசத்தை எழுதுங்க.”

அவர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். எழுதினார். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஊர், ஒரு கிடங்கின் பெயர். அவள் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்து, ஒரு இடத்தில் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று திரும்ப எழுத வைத்தாள். மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். கைக்குட்டையில் சுற்றியிருந்த வாட்சை மேஜையில் வைத்தாள்.

“இது உங்களுக்கு. இனிமே நீங்களே சாவி கொடுத்துக்குங்க.”

வெளியே வந்த பிறகு, தெருமுனை திரும்பிய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. கோபமாகத்தான் அழுதாள். பழக்காரி கடையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவளிடம் அப்படி ஒரு நாகரிகம் இருக்கும் என்று தெருவில் யாரும் எதிர்பார்த்ததில்லை.

*

அந்த விலாசத்துக்கு அவள் போகவே இல்லை. ஒரு கடிதம் போட்டாள், வக்கீல் மூலமாக. ஓடிப்போனான் என்று தெரு நிஜமாகவே பேசியது. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் பேச அதில் சரக்கு இல்லை. எட்டாம் மாதம் அவன் திரும்பி வந்தான், கையில் ஒரு பையோடு, பட்டப்பகலில். வீட்டில் ஒரு பாட்டு டீச்சர் குடிவந்திருந்தாள். யாரைப் பார்க்க வேண்டும் என்று அவனையே கேட்டாள். இப்போது லாண்டரி மாடியில் அண்ணனோடு இருக்கிறான், கீழே இறங்குவதில்லை. லாண்டரிக்காரர் இருப்பதை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போவதாக ஒரு பேச்சு இருக்கிறது. மகள் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பெண் அதே வருஷம் வேறு ஊரில் ஒரு பெரிய பல் ஆஸ்பத்திரிக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாள். விவாகரத்து முடிய இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்கடுத்த வருஷம் அங்கேயே ஒரு கண்ணாடிக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். மனைவியை இழந்தவர், கொஞ்சம் வழுக்கை, பேச்சு அதிகம். இந்தத் தெருவிலிருந்து கூப்பிட்டது இரண்டு பேரைத்தான். கொழுந்தன் சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையை ஓரங்கட்டி, உங்கள் வீட்டுக் குழாய் சொட்டுமா என்று கேட்டான். சொட்டினால் நானே பார்த்துவிடுவேன் என்று அவர் ஒன்றும் புரியாமல் சொன்னார். போதும், சம்மதம் என்றான் இவன்.

திரும்பி வர இரண்டு பஸ் மாற வேண்டும். விசாரணையம்மா இரண்டிலும் வழி நெடுகத் தூங்கினாள்.